கூழாங்கல் கடற்கரைக்குக் கிளம்பும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ பிரான்சில் லியோனிலிருந்து நேற்று அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று தடவை கேட்டேன். "கூடப் படிக்கிறவங்க எல்லாரும் நீஸ் கடற்கரைக்குப் போறாங்கப்பா, நாலு நாள். நான் வரலன்னு சொல்லிடப் போறேன். டிக்கெட் காசு இருக்கு, போட்டுக்கத்தான் ஒண்ணும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஃபோனில் பதில் சொல்லலாம் என்றால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா வாங்கிக்கொள்வாள். அதனால்தான் கடிதம்.

முதலில் அவர்களிடம் வருகிறேன் என்று சொல்லிவிடு. துணி விஷயத்தை என்னிடம் விடு. 1989-ல் டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற கைமடியாகச் சேர்ந்து, பத்து வருடம் பவர் டேபிள் தையல் மெஷினில் அல்லாடி, அப்புறம் கட்டிங் மாஸ்டர் ஆனவன் நான். என் மகள் போட்டுக்கொள்ளத் துணி இல்லாமல் ஒரு கடலைப் பார்க்காமல் இருந்தாள் என்று தெரிந்தால் திருப்பூரில் யாரும் என் முகத்தில் முழிக்க மாட்டார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் கன்னியாகுமரி டூர் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? காதர்பேட்டைச் சந்தையிலிருந்து உனக்கு ஒரு பச்சை டீ-ஷர்ட் வாங்கி வந்திருந்தேன். பின்கழுத்தில் லேபிளைப் பிளேடால் வெட்டி எடுத்திருந்தார்கள், நூல் மட்டும் நான்கு இழை நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் காலரைத் திருப்பிப் பார்த்து "இது என்ன பிராண்ட்?" என்று கேட்டுச் சிரித்ததாக ரொம்ப நாள் கழித்து அம்மாவிடம் சொன்னாயாம். டூரிலிருந்து வந்த அன்றைக்கு எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. டீ-ஷர்ட் மட்டும் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. நானும் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அந்தப் பீஸ் பிரான்சுக்குப் போன ஆர்டரில் மிஞ்சியது. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையருடைய பெயர் உள்ளூர்ச் சந்தைக்கு வரக்கூடாது என்பதற்காக லேபிளை வெட்டுவார்கள், துணியில் குறை இருக்கிறது என்பதற்காக இல்லை. உன் டீ-ஷர்ட்டில் இருந்த ஒரே குறை கீழ்மடிப்பில் ஒரு தையல் விட்டுப்போனது. அதில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியதே அந்தக் கம்பெனியில் செக்கிங்கில் இருந்த உன் அம்மாதான் என்று அவளே சொல்வாள். மற்ற பீஸ்களெல்லாம் கப்பலேறிப் போய், நீ இப்போது கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நடந்து போகிறாயே, அது மாதிரி ஒரு கடையில்தான் தொங்கியிருக்கும்.

நீ சொன்னதிலிருந்து நானும் அந்தக் கடற்கரையைப் பற்றி ஃபோனில் படித்துக்கொண்டே இருக்கிறேன், அம்மா திட்டுகிறாள். ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நீஸுக்குப் பணக்காரர்கள் முதலில் போனது வெயிலுக்காக இல்லையாம், குளிருக்குப் பயந்து. இங்கிலாந்துக்காரர்கள் டிசம்பரில் வந்து இதமாக இருந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்களாம். நீ நடக்கப்போகிற அந்தக் கடலோரச் சாலைக்கே ஆங்கிலேயர் நடைபாதை என்றுதான் பெயர். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் நீஸ் ஏறியதும் குளிர்கால ஓய்வு நகரம் என்ற பெயரில்தான். கோடையில் கடலில் குளித்து, வெயிலில் படுத்து, தோலைக் கருக்கிக்கொள்ளும் மோகம் 1920-களில் வந்தது. அதுவரை வெளுத்த தோல்தான் பெருமை, கருத்தவன் வயலில் வேலை செய்கிறவன். இப்போது உன் நிறம் வருவதற்காக அங்கே எண்ணெய் தடவிக்கொண்டு படுத்துக் கிடக்கிறார்கள். நீ தொப்பி போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்.

துணிக் கதை இன்னும் நன்றாக இருக்கிறது. நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பனியன் ஒன்று அந்த ஊர்ப் படங்களில் எல்லாம் வரும், பார்த்திருப்பாய். அது பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளின் உள்பனியன். 1858-ல் அரசாங்க உத்தரவே போட்டிருக்கிறார்கள்: உடம்பில் 21 வெள்ளைப் பட்டை, ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர், நடுவில் 10 மில்லிமீட்டரில் நீலம். நெப்போலியன் ஜெயித்த 21 போருக்கு ஒரு பட்டை என்று ஒரு கதை சொல்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. பனியன் நீளத்தில் அத்தனைதான் அடங்கும் என்று எந்த கட்டிங் மாஸ்டரும் சொல்வான். அப்புறம் கோகோ ஷனேல் என்ற பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர். 1913-ல் தொவீல் என்ற கடலோர ஊரில் கடை போட்டு, அதுவரை ஆண்களின் உள்ளாடைக்கு ஓடிக்கொண்டிருந்த ஜெர்சித் துணியில் பணக்காரப் பெண்களுக்கு உடை தைத்தார். ஜெர்சி என்றால் என்ன? நம் ஊர்ப் பனியன் துணி. நான் தினமும் லேயர் போட்டு வெட்டுகிற சிங்கிள் ஜெர்சி. உலகத்துக்கே கடற்கரை ஸ்டைல் என்று போனது மாலுமியின் பனியனும் விவசாயியின் சணல் செருப்பும் வைக்கோல் தொப்பியும்தான். அதில் நீ போட்டுக்கொள்ள முடியாதது எது?

பட்டைப் பனியனை நான் இங்கிருந்து அனுப்புகிறேன். நூலுக்குச் சாயம் ஏற்றிப் பின்னிய பட்டை, 200 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம், கொஞ்சம் கனமானது. மெல்லிய வெள்ளைப் பனியன் துணி, 140-க்குக் கீழே போனால், வெயிலில் நின்றால் உள்ளே போட்டிருப்பது தெரியும். நீ கடையில் எடுப்பதாக இருந்தாலும் உள்ளங்கையை உள்ளே விட்டுப் பார். விரல் ரேகை தெரிந்தால் வைத்துவிடு. பக்கத் தையலில் பட்டையோடு பட்டை சேர்ந்திருக்கிறதா என்றும் பார். சேராவிட்டால் அந்த இடத்தில் கண் இடறும். என்ன குறை என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் மலிவான சரக்கு என்று மட்டும் தோன்றும்.

மற்றதைப் பழைய துணிக் கடையில் எடு. இங்கே அப்படிச் சொன்னால் ஆத்தா செருப்பால் அடிப்பாள், தெரியும். அங்கே பேராசிரியர்களே அப்படித்தான் வாங்குகிறார்கள் என்று நீதான் சொன்னாய். எம்மாவுஸ் கடை லியோனிலும் இருக்கிறது என்றாய். வின்ட்டட் செயலியில் படத்தைப் பார்த்து வாங்குவதைவிடக் கடைக்குப் போ, துணி கையில் பட வேண்டும்.

கையில் எடுத்ததும் முதல் வேலை, உள்பக்கம் வெளியே திருப்புவது. வெளிப்பக்கம் எல்லாத் துணியும் அழகாகத்தான் இருக்கும். தையல் ஓரத்தில் ஓவர்லாக் நூல் பிரிந்திருக்கிறதா, அக்குளில் துணி மஞ்சளாகிக் கெட்டியாகிவிட்டதா என்று பார். அக்குள் மஞ்சள் எந்தச் சோப்புக்கும் போகாது, ஆசைப்படாதே. அப்புறம் இரண்டு தோளையும் பிடித்துத் தொங்கவிட்டுப் பார். பக்கத் தையல் நேராக இறங்காமல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்திருந்தால், அந்தத் துணியை டையிங் முடிந்து சரியாக விரித்து ஓய்வு கொடுக்காமல் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இஸ்திரி போட்டால் அன்றைக்கு மட்டும் நேராகும், அடுத்த அலசலில் திரும்பிவிடும். எலாஸ்டிக் உள்ளதை இழுத்துவிட்டுப் பார், பழைய இடத்துக்குத் திரும்ப யோசித்தால் அதன் உயிர் போயாகிவிட்டது. கடைசியாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடி, ஊசி ஓட்டைகள் அப்போதுதான் தெரியும். அம்மா செக்கிங் டேபிளில் செய்வதுதான் இவ்வளவும். நீ பத்து வயதில் அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய், கைக்குத் தானாக வரும்.

பொத்தான் போயிருந்தால் சந்தோஷப்படு, விலை குறைப்பார்கள். காஜாவுக்கும் பொத்தானுக்கும் நம் வீட்டில் பஞ்சமா? கீழ்மடிப்பு நீளமாக இருந்தாலும் சரி. ஆனால் தோள் பெரிதாக இருந்தால் தொடாதே. இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், தோளைப் பிரித்துத் தைப்பதற்குப் புதிதாகவே தைத்துவிடலாம். தோள் தையல் உன் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நின்றால், ஐந்து யூரோ சட்டையும் உனக்கென்றே தைத்த மாதிரி இருக்கும்.

எதைத் தேடுவது என்றால், லினன். ஆளி விதை கேள்விப்பட்டிருப்பாய், அந்தச் செடித் தண்டின் நார்தான் லினன். அந்தச் செடியை நாருக்காக உலகத்திலேயே அதிகம் பயிரிடுகிற நாடு பிரான்ஸ். நம் ஊரில் மீட்டர் விலை கேட்டால் தலை சுற்றுகிற துணி, அங்கே யாரோ தாத்தா போட்ட அரைக்கைச் சட்டையாகப் பழைய கடையில் தொங்கும். ஆண்கள் பக்கத்திலும் தேடு. பெரிய லினன் சட்டை ஒன்று கிடைத்தால் நீச்சலுடைக்கு மேல் போட்டுக்கொள்ளலாம், பேன்ட்டுக்கு மேல் முடிச்சுப் போடலாம், ரயிலில் ஏசி குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம். கசங்குமே என்று யோசிக்காதே, லினன் கசங்கத்தான் வேண்டும். மொடமொடவென்று இஸ்திரி போட்டுப் போனால்தான் ஆபீசுக்குப் போகிற மாதிரி இருக்கும். நான் சொல்வது நம் வீட்டு இஸ்திரி நியாயத்துக்கு நேர் எதிர், அம்மாவிடம் படித்துக் காட்டாதே.

புதிதாக ஏதாவது எடுப்பதாக இருந்தால் ஜூன் கடைசி புதன்கிழமை வரை பொறு. அங்கே கோடைத் தள்ளுபடிக்கு அரசாங்கம் வழக்கமாகக் குறிக்கிற தேதி அது, நான்கு வாரம் நடக்கும். நீங்கள் போவது ஜூலை முதல் வாரம்தானே, சரியாக இருக்கிறது.

காலுக்கு மட்டும் கணக்குப் பார்க்காதே. நீஸில் மணல் கிடையாது. முழுக்கக் கூழாங்கல், மதியத்தில் சுடும். மெரினாவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது போல அங்கே நடக்க முடியாது. மெதூஸ் என்று ஒரு பிளாஸ்டிக் செருப்பு அங்கே உண்டாம், அவர்கள் மொழியில் ஜெல்லி மீனுக்குப் பெயர் அது. படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு மழைக்காலத்தில் போட்டுப் போக உனக்கு வாங்கித் தருவேனே, ஓட்டை ஓட்டையாக, பக்கிள் வைத்தது, அதேதான். அதைப் போட்டுக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கலாம். சாயங்காலத்துக்கு எஸ்பாட்ரில், சணல் அடி வைத்த துணிச் செருப்பு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும், பேன்ட்டுக்கும் பாவாடைக்கும் ஒத்துப்போகும். அதை மட்டும் நனைக்காதே. சணல் தண்ணீர் குடித்தால் ஊதி, அப்புறம் பிரிந்துவிடும்.

நீச்சலுடையைப் பற்றி அப்பா எழுதலாமா என்று இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன். வாழ்க்கையில் பாதி நாள் உள்ளாடை வெட்டியவன், எனக்கு என்ன வெட்கம்? எந்த மாதிரி போடுவது என்பது உன் இஷ்டம், அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன். அம்மா திறந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். இதை மட்டும் பழையதாக வாங்காதே. டெகாத்லான் விளையாட்டுப் பொருள் கடையில் புதிது எடு, அடர்ந்த ஒற்றை நிறத்தில், உள்ளே லைனிங் இருக்கிறதா என்று பார்த்து. உப்புத் தண்ணீரில் குளித்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடு, முறுக்கிப் பிழியாதே. கடற்கரையை விட்டு ரோட்டுக்கு ஏறும்போது மேலே ஏதாவது போட்டுக்கொள். நான் கட்டுப்பெட்டித்தனமாகச் சொல்வதாக நினைக்காதே, அந்தப் பக்கத்துக் கடலோர ஊர்கள் பலவற்றில் நீச்சலுடையோடு தெருவில் நடந்தால் அபராதமே போடுகிறார்கள்.

அந்த மேலே போடுவதைத்தான் நானே தைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் மாம்பழ நிறச் சுங்குடிப் புடவை இருக்கிறதே, மதுரையில் உன் அத்தை கல்யாணத்துக்குப் போனபோது எடுத்தது. பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிங் டேபிளில் விரித்ததும் அம்மா முறைத்தாள். "இருபது வருசம் கட்டின பொடவைங்க, அதுல கத்திரி வைக்கறீங்களா?" என்றாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, முந்தானையை முதுகுப்பக்கம் வருகிற மாதிரி வெட்டுங்கள், அங்கேதான் புள்ளி நெருக்கமாக இருக்கிறது என்றாள். முழங்காலுக்குக் கீழே வரை, முன்பக்கம் திறந்த நீள அங்கி. கை அகலம், பக்கத்தில் வெட்டு, நடந்தால் காற்று வாங்கும். இருபது வருடம் துவைத்த பருத்தியின் மெதுமெதுப்பைப் புதுத் துணியில் எந்தக் கம்பெனி வாஷிங்கும் கொண்டுவர முடியாது. ஐந்தரை மீட்டரில் அங்கிக்குப் போக மிச்சத்தில் தலைக்கு ஒரு துண்டும் ஒரு தோள்பையும் வரும். பையை அம்மா தைக்கிறாள்.

நீஸில் பழைய ஊருக்குள் கூர் சலேயா என்று ஒரு சந்தை, மற்ற நாளில் பூ, திங்கட்கிழமை மட்டும் பழைய பொருள். வைக்கோல் தொப்பியை அங்கே பேரம் பேசி வாங்கு. அந்தத் தெருக்களில் பூவும் கொடியும் அச்சடித்த பருத்தித் துணி விற்பார்கள், ப்ரோவான்ஸ் துணி என்று. அதை வாங்காவிட்டாலும் நின்று பார்த்துவிட்டு வா. 17-ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பலில் போன அச்சுத் துணியைப் பார்த்துப் படித்துக்கொண்ட வேலை அது. அவர்களே அதை 'இந்தியென்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெண்கள் அதன் மேல் பைத்தியமாகிப் போய், உள்ளூர்ப் பட்டு நெசவுக்காரர்கள் பிழைப்புப் போகிறது என்று கத்தி, 1686-ல் ராஜா தடையே போட்டார். 1759 வரை எழுபத்து மூன்று வருடம் தடை. தடுத்தால் நிற்குமா? கடத்திக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். பட்டு நெசவென்றால் நீ இருக்கிற லியோன்தான் அப்போது பெரிய ஊர். இப்போது அங்கே உட்கார்ந்துகொண்டு நீ சுங்குடி போடத் தயங்குகிறாய்.

அப்புறம் ஈரோட்டுத் துண்டு இரண்டு வைக்கிறேன், கட்டம் போட்டது. கடற்கரைக்குப் பூத்துவாலை தூக்கிக்கொண்டு போகாதே, ஈரமானால் ஒரு கிலோ கனக்கும். துனீசியாவிலிருந்து ஃபூட்டா என்று மெல்லிய நெசவுத் துண்டு வாங்கி அதைத்தான் அங்கே ஸ்டைலாக விரித்துப் படுக்கிறார்களாம். நம்முடையது அதைவிட மெல்லியது, பத்து நிமிடத்தில் காயும். விரிக்கலாம், இடுப்பில் கட்டலாம். யாராவது கேட்டால் மத்ராஸ் என்று சொல், இந்த மாதிரி வண்ணக் கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு பிரெஞ்சில் அந்தப் பெயர் உண்டு.

தலைத்துண்டைக் கழுத்தில் நீளமாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்கூட்டரிலோ திறந்த காரிலோ ஏறாதே. வண்டியில் ஏறும்போதெல்லாம் "துப்பட்டாவை இழுத்துக் கட்டு" என்று நான் கத்துவது உனக்கு எரிச்சலாக இருக்கும். இசடோரா டங்கன் என்று உலகப் புகழ்பெற்ற நடனக்காரி, 1927 செப்டம்பரில் இதே நீஸ் கடலோரச் சாலையில்தான் திறந்த காரில் போகும்போது பட்டுச் சால்வை சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனார். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. முடிச்சுப் போட்டு உள்ளே சொருகிக்கொள்.

சாயங்காலத்துக்கு ஒரு கறுப்பு உடை வேண்டும் என்று உன் சிநேகிதி சொன்னாளாம். அங்கே ஜூலையில் சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேலாகிறது. நீங்கள் சாப்பிடப் போகும்போது நல்ல வெளிச்சம் இருக்கும், ஜரிகையும் மினுக்கும் அந்த வெளிச்சத்தில் கண்ணை உறுத்தும். லினன் பேன்ட், உடம்பைப் பிடித்த கறுப்புப் பனியன், காதில் ஆத்தா கொடுத்த ஜிமிக்கி, போதும். மான்டி கார்லோ சூதாட்ட மாளிகைக்கு ரயிலில் போய்ப் பார்ப்பதாக இருந்தாலும் இதே உடை போதும். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும்தான் கூடாது. உள்ளே போய்ப் பார், விளையாடாதே.

கடற்கரையில் சாய்வு நாற்காலிக்கு வாடகை கேட்கிற தனியார் இடங்கள் நிறைய இருக்கும். பக்கத்திலேயே பொதுக் கடற்கரை இலவசம், கடல் ஒரே கடல். மேலே சாலையோரம் நீல நாற்காலிகள் போட்டிருப்பார்கள், அதற்கும் காசு கிடையாது. அதில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்பு, அங்கி முழுசாகத் தெரிகிற மாதிரி.

நீ நூறு யூரோ வைத்திருப்பதாகச் சொன்னாய். செருப்பு இரண்டு, நீச்சலுடை, லினன் சட்டை, பேன்ட், தொப்பி எல்லாம் சேர்த்து என் கணக்கில் எழுபதைத் தாண்டவில்லை. மிச்சத்தில் நல்ல மீன் சாப்பிடு.

நம் டையிங் மாஸ்டரின் மருமகன் 18-ஆம் தேதி பாரிஸ் வருகிறார். இரண்டு கிலோ வரைக்கும் எடுத்துக்கொள்கிறேன் என்றார், லியோனுக்கு அவரே தபாலில் போட்டுவிடுவார். அங்கி, பனியன் இரண்டு, துண்டு, பை எல்லாம் எடை போட்டேன், ஒன்றே கால் கிலோ. மிச்சம் முக்கால் கிலோவுக்கு அம்மா பருப்புப் பொடி என்கிறாள். துணியோடு வைத்தால் வாசம் ஏறும் என்று சொல்லிப் பார்த்தேன், தோற்றுவிட்டேன். டப்பாவுக்கு இரண்டு கவர் போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அளவு அனுப்பு. தோள், மார்பு, கைச்சுற்று, தோளிலிருந்து முழங்கால் வரை. டேப் இல்லாவிட்டால் ஒரு நூலால் அளந்து ஸ்கேலில் வைத்துப் பார். போன வருட அளவையே போடுங்கள் என்று சொல்லாதே, நீ மெலிந்துவிட்டாய் என்று வீடியோவில் பார்த்ததிலிருந்து அம்மா புலம்புகிறாள். அளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காதே.

அன்புடன்,
அப்பா